இந்தக் குளியலறை யாருக்காம்?

துறைமுகக் கந்தோரில் நான் பார்த்த வேலை சந்தேகப்படுவது. வாசலால் வெளியே போகிற ஒவ்வொரு லொறியையும் மறித்து, கடதாசியில் எழுதியிருப்பதும் லொறியில் கிடப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. மீன்காரன் தராசைத் தூக்கினால் என் கண் தட்டைப் பார்க்காது, அவன் விரலைத்தான் பார்க்கும். அதனால், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகள் போனில், "அம்மா, பாத்ரூமை உடைச்சுத் திருத்துவம்" என்று சொன்னபோது, ஏன் இப்போது என்றுதான் முதலில் யோசித்தேன்.

எங்கள் குளியலறை சின்னது. கதவைத் திறந்தால் கொமட், அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று அள்ளிக் குளிக்க இடம். ஆள் குளித்தால் கொமட்டும் குளிக்கும், கதவும் குளிக்கும். தரை காய்ந்து நான் கண்டதே இல்லை. இந்த ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். மகளும் அதில் குளித்துத்தான் வளர்ந்தாள். இப்போது அவளுக்கு ஈரப் பக்கம் வேறு, காய்ந்த பக்கம் வேறு என்று இருக்க வேண்டுமாம். குளிக்கிற இடத்தைக் கண்ணாடி வைத்துப் பிரிக்க வேண்டுமாம். கொமட் பக்கம் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாதாம்.

"ஆருக்குப் பிள்ளை உது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் அம்மா. வேற ஆருக்கு? நாங்கள் வேற ஒண்டும் யோசிக்கேல்லை."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களின் லொறியைத்தான் நாங்கள் முழுவதும் இறக்கிப் பார்ப்பது.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடு என் பெயரில் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். என் அம்மா எனக்குத் தந்த வீட்டை நான் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அதே வீட்டில் இருக்கிறோம். இங்கே தாய் தகப்பன் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள், மகளும் கூடவே இருப்பதால் ஒருவருக்கும் அது உறைப்பதில்லை. மகள் கடல் கடந்து போய்விட்டால்தான், நாம் இன்னொருவருடைய வீட்டில் இருக்கிறோம் என்பது மெல்ல மெல்லத் தெரிய வரும். கடற்கரைப் பக்கம், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இப்படி எத்தனை வீடுகள் வெள்ளைக்காரர் தங்குகிற அறைகளாக மாறின. எல்லாம் குளியலறையில்தான் தொடங்கியது. எங்கள் முற்றத்தில் நின்றால் உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். அதைக் காட்டியே ஆட்களைப் பிடிக்கலாம். நான் இந்த வீட்டை விட்டுப் போவதென்றால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதில் என் மனுசன் மகளோடு சேர்ந்துகொண்டதுதான் எனக்கு விளங்கவில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுவரில் புதிதாக ஒரு ஆணி அடிக்கவே யோசிக்கிற ஆள். அவர், "செய்யட்டுமே, நல்லதுதானே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். பின்னேரம் குளிக்கப் போகும்போது போனையும் கொண்டு போனார். உள்ளே போய்ப் பைப்பைத் திறந்துவிடுவார். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அடியில் அவருடைய குரலும் இருக்கும். ஒருநாள் கூட்டுகிற சாட்டில் விளக்குமாறோடு போய்க் கதவடியில் நின்றேன். "அவவுக்குத் தெரிய வேண்டாம்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்தவர் தலை ஈரமாக, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி வைச்சாச்சோ?" என்று கேட்டார். நான் சீனி போடாமல் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். சீனியில்லாத தேத்தண்ணீரை வாய் திறக்காமல் குடிக்கிறவர் எதையோ மறைக்கிறார்.

கிண்ணியாவிலிருந்து மேசன் வந்தார். நல்ல வேலைக்காரர், வாய்க்காரரும்கூட. நான் ஒரு கதிரையைக் குளியலறை வாசலில் போட்டுக்கொண்டு, பழைய கந்தோர் வாசலில் இருந்ததுபோலவே இருந்தேன். முற்றத்தில் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகளின் மட்டையைக் ஊருக்குள் திரிகிற கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து கடித்துக்கொண்டு நின்றன. அவற்றையும் கலைத்து, இவரையும் பார்க்க வேண்டியிருந்தது.

மகள் அனுப்பிய படத்தை மேசன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அம்மா, இது கடதாசியால துடைக்கிற ஆக்களுக்குச் சரி. நாங்க கழுவுற ஆக்கள். கொமட் பக்கம் எப்பிடிக் காயும்?"

அவரும் நானும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். கடைசியில் காய்ந்த பக்கத்துக்கும் ஒரு சின்ன ஓட்டை விட்டு, தண்ணீர் அதற்குள் ஓடும்படி தரையைச் சரித்தார்.

அடுத்த நாள் அவர் ஈரப் பக்கத்துக்கும் காய்ந்த பக்கத்துக்கும் நடுவில் அரையடி உயரத்துக்கு ஒரு கட்டுக் கட்டிவிட்டார். இந்த ஊரில் எந்த மேசனும் கட்டுவார், சொல்லத் தேவையில்லை. வாளியால் அள்ளி ஊற்றுகிற வீட்டில் கட்டு இல்லாவிட்டால் தண்ணீர் விறாந்தை வரைக்கும் வரும். என் மனுசன் வந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். கட்டுக்கு மேலால் வைக்காமல் அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"இதை உடையும். தரை ஒரே மட்டமா இருக்கோணும் எண்டுதானே சொன்னது" என்றார்.

ஆரோடும் குரலை உயர்த்திப் பேசாத மனிதர். மேசன் முகம் சுருங்கிப்போய்ச் சுத்தியலை எடுத்தார். நான் கதிரையில் இருந்தபடி யோசித்தேன். தரை ஏன் மட்டமாக இருக்க வேண்டும்? சில்லு வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்காகத்தான்.

அதற்குப் பிறகு எல்லாமே ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. அந்தப் பக்கம் தெரியாத பால் நிறக் கண்ணாடி வந்தது. கலியாணம் முடித்த கையோடு வருகிற சோடிகளுக்கு வேறென்ன வேண்டும்? பழைய கொமட்டைக் கழற்றிவிட்டு உயரமான ஒன்றை வைத்தார்கள். வெள்ளைக்காரர் நெட்டையானவர்கள்தானே. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு வந்தது. அது அறை துப்பரவாக்குகிறவர்களுக்கு. பிறகு, கண்ணாடிக்கு உள்பக்கச் சுவரில் மேசன் ஒரு மொத்தமான இரும்புக் கம்பியைப் பூட்டினார்.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

மேசன் என் மனுசனைப் பார்த்தார். "துவாய் போட, அம்மா."

"தண்ணி ஊத்துற இடத்தில ஆரும் துவாய் போடுவினமோ? அதுவும் இடுப்பளவில?"

"எனக்குச் சொன்னதை நான் செய்யுறன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. துவாய்க்கு இப்படி ஒரு பரிசோதனையை நான் கண்டதில்லை.

வேலை நடந்த நாட்களில் நான் பின்வளவுக் கிணற்றடியில் குளித்தேன். அவர் சினேகிதன் வீட்டில் குளிக்கிறேன் என்று சொல்லிப் போனார். தலையை நனைத்துக்கொண்டு, போன அதே சட்டையோடு வந்தார். அங்கேயும் வீடு விற்கிற பேச்சுத்தான் நடக்கிறது, சினேகிதன்தான் தரகர் என்று முடிவு கட்டினேன்.

எல்லாம் பூட்டி முடித்து மேசன் போன அன்று பகல், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, குசினியில் நின்றபடி மகளுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை.

"வீட்டை ஆருக்கு விக்கப் போறாய்?"

"என்னம்மா கதைக்கிறீங்கள்?"

"எனக்கு எல்லாம் தெரியும். கொப்பரும் நீயும் எனக்குத் தெரியாமல் கதைக்கிறது தெரியும். விடுதியாக்கப் போறியோ, விக்கப் போறியோ, அதை என்ர முகத்துக்கு நேரே சொல்லு."

வெட்டிவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

"அம்மா, அப்பா உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டவர்" என்றாள். "அவர் பாத்ரூமுக்குள்ள விழுந்தவர். ஒருக்காலில்லை. உங்களுக்குக் கேக்கக் கூடாதெண்டு சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பியிருக்கிறார். ஒரு கால் சொல்லுக் கேக்குதில்லையாம். அதுக்குப் பிறகு பயத்தில அவர் குளிக்கிறதேயில்லை. கதவைச் சாத்திப்போட்டு உள்வாசல்லயே நிண்டு பைப்பைத் திறந்து விட்டிட்டு, தலையை நனைச்சு, துவாயால உடம்பைத் துடைச்சுக்கொண்டு வாறவர். அவர் திரும்ப விழுந்திடுவாரோ எண்டு, வெளியில வருமட்டும் நான் போனில நிப்பன்."

நான் குசினிக் கதிரையில் இருந்தேன்.

"என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். உங்களிட்டச் சொன்னால் நீங்கள் தண்ணி வாத்துக் குளிப்பாட்ட வந்து நிப்பீங்களாம். 'கொம்மா ஒருக்கா வாளியோட உள்ளுக்கு வந்தா, பிறகு நான் அவவுக்குப் புருசன் இல்லை, நோயாளி' எண்டு சொல்லி அழுதவர் அம்மா."

எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு காலம் ஒரு பாயில் படுத்தவளிடம் சொல்லாததை மகளிடம் சொன்னாரே என்ற கோபம். பிறகு, அவர் சொன்னதில் பிழை இல்லை என்பது உறைத்தது. தெரிந்திருந்தால் நான் வாளியோடுதான் போயிருப்பேன். அலை அடிக்கிற படகில் வெறுங்காலோடு ஓடித்திரிந்த மனிதர், ஒரு முழத் தரையைக் கடக்கப் பயந்து வாசலில் நின்றிருக்கிறார். இந்தப் பக்கம் நான் வீடு போகப் போகிறதென்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவர் வாசல் படலையைத் திறக்கிற சத்தம் கேட்கும்வரை அழுதேன்.

பின்னேரம் அவர் குளிக்கப் போனார். போனைக் கொண்டு போகவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தரையில் விழுகிற தண்ணீருக்கும் ஆள் மேலே விழுகிற தண்ணீருக்கும் சத்தம் வேறு. இந்த முறை ஆள் மேலே விழுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நடுவில் நின்றது. திரும்பத் தொடங்கவில்லை. நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கொமட்டின் மூடியைப் போட்டு அதன் மேல் இருந்தேன்.

"ஆர்?" என்றார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

"நான்தான்."

"என்னத்துக்கு வந்தனீர்?"

"சும்மா. இஞ்சால காஞ்சு போய்க் கிடக்கு. இருப்பமெண்டு வந்தனான்."

கையிலிருந்த சவர்க்காரம் வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவருடைய நிழல், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, அசையாமல் நின்றது.

"கண்ணாடிக்குள்ளால உமக்கு என்னைத் தெரியுதோ?"

"ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

நிழலின் ஒரு கை மட்டும் கம்பியை விட்டுப் பைப்பைத் தேடியது.

"அப்ப இரும்" என்றார்.