திட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஃபுட்பால் ரெஃப்ரியைப் போல ஒரே நேரத்தில் இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கும் ஆள் உலகத்தில் கிடையாது. புதுச்சேரியில் இன்னொரு வசதியும் உண்டு. பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் "முசியே!" என்று பிரெஞ்சில் மரியாதையாகத் தொடங்கி, மீதியைத் தமிழில் முடிப்பார்கள். ஆபீஸ் வேலை போக, ஞாயிறுதோறும் நானும் விசில் ஊதியவன்தான். ஊதியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பஸ் ஸ்டாப் வரை

காலாப்பட்டில் மேட்ச். முடிகிற நேரத்தில் உள்ளூர் மீனவர் டீமுக்கு எதிராகப் பெனால்ட்டி கொடுத்தேன். அதிலேயே தோற்றார்கள். கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. தோற்ற டீமின் கேப்டன் ஆரோக்கியம், வாட்டசாட்டமான ஆள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். என்னை இழுத்துப் பைக்கில் உட்கார வைத்து வண்டியை விரட்டினார். பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெனால்ட்டி சரிதான் சார். அத அங்க சொன்னா எனக்கும் சேத்து அடி உழும்."

மச்சானுக்கு ரெட் கார்டு

நான் விசில் ஊதிய ஒரு மேட்சில் என் மனைவியின் தம்பி, எதிராளியின் காலை வாரினான். ரெட் கார்டு காட்டினேன். வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் சோறும் ரசமும் மட்டும். "கறி எடுக்கலையா?" என்றேன். "எந்தம்பிக்குக் காமிச்சீங்களே ஒரு அட்ட, அதத் தொட்டுக்கிட்டு சாப்புடுங்க" என்றாள்.

வெளியே உட்கார்ந்திருந்தவன்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு கோடை மேட்ச். சேதராப்பட்டு கம்பெனி டீமில் குமரன் என்று ஒரு முன்கோபி. என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியதற்காக வெளியே அனுப்பியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தது. கண் இருண்டு மைதானத்தின் ஓரமாகச் சாய்ந்தேன். பந்து எதிர்ப்பக்கக் கோல் போஸ்ட் அருகே இருந்ததால் ஆடியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பக்கத்தில், புழுதி படிந்த ஜெர்சியோடு குமரன். அவன்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தானாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கூச்சத்தோடு சொன்னான்: "நீங்க வெளிய அனுப்புனதாலதான் சார் பாத்தேன். உள்ள இருந்திருந்தா பந்து பின்னாடில்ல ஓடியிருப்பேன்?"

மற்ற வேலைகளில், இருக்கும்வரை புகழ்ந்துவிட்டு ரிட்டயர் ஆனதும் மறந்துவிடுவார்கள். எங்கள் வேலையில் தொண்ணூறு நிமிடம் திட்டிவிட்டு, மிச்ச ஆயுளுக்கும், வழியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி டீ வாங்கித் தருகிறார்கள்.