கம்பெனி சட்டமும் எங்கூட்டுச் சண்டையும்

எம் பேத்தி வக்கீலுக்குப் படிக்கறா. அவ அப்பன், எம் மவன், தர்மபுரி கோர்ட்டுல ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. கறுப்புக் கோட்டுக்குப் பின்னாடி கேஸ் கட்டத் தூக்கிக்கிட்டு நடந்து நடந்து, கோட்டு போட்டவர விட இவனுக்குத்தான் மெதப்பு அதிகம்.

கடைசி ரெண்டு வருசத்துக்கு எந்தச் சட்டத்தத் தனியா எடுத்துப் படிக்கறேன்னு போன வருசம் காலேஜுல கேட்டாங்களாம். கம்பெனி, வியாபாரம், ஒப்பந்தம் இதெல்லாம் வர்ற சட்டம்னா இவ. பிசினஸ் லாவாம். மவன் சோத்துல வச்ச கைய அப்பிடியே நிறுத்திட்டான்.

"நம்ம கோர்ட்டுக்கு வர்றது என்ன பாப்பா? வரப்புச் சண்ட, அடிதடி, ஜீவனாம்சம். கிரிமினல் படிச்சா எங்க சார் ஜூனியரா சேத்துக்குவாரு, சொல்லி வச்சிருக்கேன். கம்பெனி சட்டம் படிச்சிட்டு பாப்பாரப்பட்டி சந்தையில யாருக்கு வாதாடப் போற, கத்திரிக்காய்க்கா?"

புள்ள மூஞ்சி சுண்டிப் போச்சி. எனக்குச் சிரிப்பு வந்துச்சி, அடக்கிக்கிட்டேன். கத்திரிக்கா பேச்சு நல்லாத்தான் இருந்துச்சி. எவ்வயித்துல பொறந்தவன்தான.

அப்பறம் அவனே ஒரு வழி சொன்னான். "சரி, உங்க ஆயாவுக்குப் புரியற மாதிரி சொல்லு. அவங்களுக்குப் புரிஞ்சா எடுத்துக்கோ. இல்லைன்னா கிரிமினல்."

நான் ரெண்டாங்கிளாஸ் தாண்டாதவ. அது தெரிஞ்சுதான் சொன்னான், கேடி.

பேத்தி எம்பக்கம் திரும்பி உக்காந்தா. "ஆயா, சட்டத்துல கம்பெனிங்கறது ஒரு ஆளு மாதிரி. அது பேர்ல நெலம் வாங்கலாம், கேஸு போடலாம். மொதலாளி செத்தாலும் அது சாவாது."

"சாவாமயே கெடக்குமா? எம் மாமியாளுக்கு அப்பறம் இப்பத்தான் கேள்விப்படறேன். கண்ணாலம் கட்டுமா?"

"ரெண்டு கம்பெனி ஒண்ணா சேந்துக்கும் ஆயா."

"சீரு யாரு செய்யறது?"

"ஆத்தா, கிண்டல் பண்ணாத"ன்னான் மவன். "புரியுதா இல்லியா, அதச் சொல்லு."

"புரியல"ன்னேன்.

புள்ளைக்குக் கோவம் வந்துடுச்சி. என்னிய விட்டுட்டு அப்பன் பக்கம் திரும்பிட்டா. "வத்தல்மலையில சாமை போடறவங்க சேந்து ஒரு கம்பெனி வச்சிருக்காங்கப்பா. வாங்க வர்றவன் இங்கிலீசுல அக்ரிமெண்ட் நீட்டறான். போற வழியில சரக்கு நனைஞ்சா நட்டம் யாருதுன்னு அதுலதான் இருக்கு. கையெழுத்து போட்டு ஏமாந்தப்பறம் அவங்க கோர்ட்டுக்கு வருவாங்க, நீங்க கட்டு தூக்குவீங்க. ஏமாறதுக்கு முன்னாடி படிச்சுச் சொல்ல ஒரு ஆளு வேணாமா?"

மவன் ரசத்த ஊத்திக்கிட்டான். அப்பறம் மெதுவா, "ஆயா புரியலன்னுட்டாங்க. பேசுனது பேசுனதுதான்"ன்னான்.

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்.

"டேய், புரியலதான். பாதி கூடப் புரியல. உன்ன டவுனு ஸ்கூல்ல கொண்டு போயி சேத்தேனே, நீ படிச்ச கணக்கு எனக்குப் புரிஞ்சுதா? டைப்பு கிளாசுக்குப் போனியே, அது புரிஞ்சுதா? எனக்குப் புரிஞ்சத மட்டும் படிக்க வச்சிருந்தா நீ இன்னிக்கி எரும மேச்சிக்கிட்டு இருப்ப. அவ படிக்கறது அவளுக்குப் புரிஞ்சா போதும். பாப்பா, நீ அதையே எடுத்துக்கோ கண்ணு."

"ஆத்தா, நீ யாரு பக்கம்?"

"நான் சோறு போடற பக்கம். மோரு வேணுமா, வேணாமா?"

தட்ட நீட்டுனான்.

மறுநாளே அவ போயி பிசினஸ் லாவுக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டா. யாரக் கேட்டுக் குடுத்தேன்னு அவன் எகிறுனதுக்கு, ஆயாதான் குடுக்கச் சொன்னாங்கன்னு என்னியக் கைகாட்டிட்டா.

ஆமா, சொன்னேன். இப்பவுஞ் சொல்றேன்.