ஒலியளவு இரண்டு, வீடு இருபத்து மூன்று

எங்கள் வீட்டுக் கணினியில் ஒலியளவுக்கு நூறு எண்கள் இருக்கின்றன. பயன்படுவது ஒன்றே ஒன்று, இரண்டு. ஒன்றில் வைத்தால் ஊமை. இரண்டில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவர் என் காதுமடலில் வாய் வைத்துக் கூவுகிறார். மூன்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் சமையலறை வரை கேட்டது. இதை என் குறிப்பேட்டில் ‘பிப்ரவரி 23, ஞாயிறு, காலை 9.50 / 7.20’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நேரம் எதற்கு என்று ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்கலாம். முன்னது ஈப்போ நேரம், பின்னது புதுக்கோட்டை நேரம். கல்யாணமாகி இங்கே வந்த பதினெட்டு ஆண்டுகளில் எந்தக் குறிப்பையும் நான் ஒற்றை நேரத்தில் எழுதியதில்லை. அங்கே யாருக்காவது காய்ச்சல் என்றாலும், இங்கே யாருக்காவது குழந்தை பிறந்தாலும், அந்தப் பக்கம் அப்போது மணி என்ன என்று தெரிந்தால்தான் நடந்தது நடந்ததாக எனக்குப் படும். என்னைப் போல வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் இருப்பது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் ஒரு வீடு. என் கணவர் சேகர் பிறந்தது பதினோராங்கட்டைத் தோட்டத்தில். மைலை இங்கே கட்டை என்பார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் அழித்து வீட்டு மனை போட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இருபத்தாறு வீடுகள். இன்று ஒரு சுவரும் இல்லை. மிச்சமிருந்தது மாரியம்மன் கோயில். அதையும் சற்றுத் தள்ளிப் புது இடத்தில் எழுப்புகிறார்கள். புதுக் கோயில் சுவரில் ஒரு கல் பதித்து, லயத்து வீட்டுக்கு ஒரு வரியாக அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பொறிப்பது என்று முடிவானது. “எழுதுற கை ஒண்ணு நம்ம வீட்ல சும்மாதான் இருக்குலா” என்று சேகர் கோயில் கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்படித்தான் பட்டியல் என் பொறுப்புக்கு வந்தது.

எட்டு மாதம் தொலைபேசியில் விசாரித்து இருபத்தைந்து வரிகளை எழுதிவிட்டேன். இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் “அந்த வூட்ல ஆளு மாறிக்கிட்டே இருக்கும்” என்ற ஒரே பதில். கல் கொத்துபவர் மார்ச் 3, திங்கட்கிழமை காலை பட்டியல் வேண்டும் என்றார். ஒரு வரியைக் காலியாக விடலாமா என்று கேட்டேன். “கல்லுல காலி வரி பல்லு விழுந்த மாதிரி இருக்கும்மா. இருபத்தி ரெண்டு, அடுத்து இருபத்தி நாலுன்னு வெட்டிர்றேன்.” ஒரு வீடு இருந்ததற்கான கடைசித் தடயம் என் பட்டியலில் இருக்கிறது, அது என் கையாலேயே அழியப் போகிறது. காய்ச்சலுக்குக்கூட மணி குறித்து வைக்கிறவளுக்கு இது தாங்கவில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் இணையத்தில் கூட்டி, பட்டியலைப் படித்துக் காட்டி, இருபத்து மூன்றைக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

பிப்ரவரி 23, 10.00 / 7.30. திரையில் பதினான்கு கட்டங்கள், பதினான்கு முகங்கள். “வணக்கம்” என்று அவர்கள் சொன்னது ஒலியளவு இரண்டிலேயே என் மண்டைக்குள் இடித்தது. ரப்பர்க் காட்டில் நிரைக்கு நிரை கூவிப் பேசிப் பழகிய தொண்டைகள். கைபேசியையும் அவர்கள் எதிர் மேட்டில் நிற்கும் ஆளாகவே நினைக்கிறார்கள். நான் பட்டியலை முதல் வீட்டிலிருந்து படித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. என்ன மரியாதை என்று மனம் நெகிழ்ந்தேன். இருபது நிமிடம் படித்து முடித்து, “இருபத்து மூணாம் நம்பரில் யார் இருந்தீர்கள்?” என்று கேட்டேன். பதில் இல்லை. கும்பிட்டு முடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் சேகரின் கைபேசி அடித்தது. பதினோராம் நம்பர் வீட்டுச் சரோஜா அக்கா.

“சேகரு, ஒம் பொஞ்சாதிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா? வாயி அசையுது, ஒரு சத்தமும் வரலியே!”

கைபேசியை நான் வாங்கினேன். “கேக்கலன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேக்கா?”

“பெரட்டுல கிராணி மொதல்ல புக்கத் தனக்குள்ள படிச்சுப் பாப்பாருலா தங்கச்சி. அப்ப யாரும் மூச்சு விடமாட்டோம். நீயும் அப்படித்தான் படிக்கிறேன்னு நெனச்சோம். கொஞ்சம் நேரமாவுதேன்னு பாத்தோம், கும்புட்டுட்டுப் போய்ட்டே.”

பெரட்டு என்பது விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி எடுக்கும் வருகைப் பதிவு. கிராணி என்ற எழுத்தர் பெயரைக் கூப்பிட, ஆள் குரல் கொடுத்தால்தான் அன்றைய பெயர் புத்தகத்தில் விழும். நான் தோட்டங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். சேகரிடமும் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் பெயர் கூப்பிடுவதற்கு முந்தைய அந்த அமைதி எந்தப் பக்கத்திலும் இல்லை.

புதுக்கோட்டையில் மைக் செத்தால் அது ஊருக்கே தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீதி முனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை இருந்தது. திருவிழாவோ தேர்தலோ, ஒருவர் மேடையேறிப் பேசத் தொடங்கி மைக் மக்கர் செய்தால் பின்வரிசையிலிருந்து முதலில் ஒரு “கேக்கல!” எழும். அடுத்து நூறு “கேக்கல!” சிலர் விசிலடிப்பார்கள். ஒருவர் பெஞ்சில் ஏறி நின்று காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டுவார். கடைக்காரர் ஓடி வந்து வயரை உலுக்கி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஒன், டூ, த்ரீ சொல்லும்வரை ஓயாது. அந்த ஊரில் வளர்ந்தவளுக்கு எதிரில் இருப்பவர்கள் சும்மா இருந்தால் கேட்கிறது என்று பொருள். அந்தப் பாடத்தை நம்பித்தான் இருபது நிமிடம் காற்றுக்குப் படித்தேன்.

அந்த வாரம் முழுவதும் இதே வேலையாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஈப்போவில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். சீன இளைஞர் ஒருவர் இருந்தார். “ரோசாக், அண்டி?” என்றார். கெட்டுவிட்டதா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த மலாயில், சத்தம் மிக அதிகம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “சத்தம் அதிகம்னா பாகுஸ்லா! எல்லாரும் சத்தம் பத்தலன்னுதான் திருப்பிக் கொண்டு வருவாங்க.” பாகுஸ் என்றால் நல்லது. நான் புகார் சொன்னேன், அவர் அதைப் பாராட்டாக வாங்கி வைத்துக்கொண்டார். மைக்கும் வேலை செய்யவில்லை என்றதும் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் மூன்று கறுப்பு வளையங்கள். காதுக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரே பிளக். கைபேசிக்கு அது போதும். எங்கள் கணினியின் முதுகிலோ காதுக்குப் பச்சைத் துளை, வாய்க்கு இளஞ்சிவப்புத் துளை. ஒற்றைப் பிளக்கைப் பச்சையில் செருகிவிட்டு இளஞ்சிவப்பைச் சும்மா விட்டிருந்தேன். அவர் ஒரு முனையில் துளையும் மறுமுனையில் இரண்டு பிளக்குகளுமாகக் கவட்டை போலப் பிரிந்த ஒரு சாண் வயரை எடுத்துக் காட்டி, “மாவு?” என்றார். வேண்டுமா என்று அர்த்தம். வேண்டும் என்று நான் தலையாட்டினேன். அவர் வயரைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டார். கை நீட்டிக் காட்டி மறுபடி தலையாட்டினேன். அவர் வேறொரு வயரை எடுத்தார். அதற்கும் ஆட்டினேன். அவர் அதையும் மாட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் ஊர்த் தலையாட்டலில் ஆமாம் என்பது இரண்டு தோளுக்கும் நடுவே ஊசலாடும். அவருக்கு அது ‘வேண்டாம்’ என்று பொருள். பதினெட்டு ஆண்டுகளில் என் நாக்கு ஈப்போவுக்கு வந்து சேர்ந்துவிட்டது, கழுத்து இன்னும் வரவில்லை. “மாவு, மாவு” என்று வாயால் சொல்லித்தான் வாங்கி வந்தேன்.

வயரை மாட்டியும் மைக் எடுக்கவில்லை. புதன் காலை கணினியின் ஒலிப் பகுதியைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கணினி திரைமேல் ஒட்டியிருந்த பழைய கேமராவின் மைக்குக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தது. கேமராவின் மைக் எப்போதோ செத்துவிட்டது. ஹெட்போன் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஒன், டூ, த்ரீ சொல்லிப் பதிவு செய்து கேட்டேன். என் குரல் எனக்கே வந்தது. அடுத்து ஒலியளவு. அதே இடத்தில் ஒரு பெட்டியில் யாரோ டிக் போட்டிருந்தார்கள். மெல்லிய ஒலிகளைத் தூக்கிப் பெரிய ஒலிகளுக்குச் சமமாக்கும் வசதி அது. எடுத்துவிட்டேன். இருபதில் வைத்தபோது உலகம் இயல்பாகப் பேசியது.

மாலையில் சேகர் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்தார். “ஐயோ, இது என்னா? ஆட்டத்தப் பத்திப் பேசுறவன் தண்ணிக்குள்ள இருந்து பேசுறான். என் காத ரோசாக் பண்ணிட்டியா?”

டிக் போட்டது அவர்தான். தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தின் பக்கத்தில் ஆறு ஆண்டு நின்று மந்தமான காது அது. எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஞாயிறு முடியும்வரை டிக்கைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு, 10.00 / 7.30. இம்முறை பதினைந்து கட்டங்கள். பதினைந்தாவதில் முகம் இல்லை, ஒரு பூனைப் படம் மட்டும். யாரோ பிள்ளைகள் கைபேசியை அழுத்தியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். “கேக்குதா?” என்றேன். மறுபடி கேட்டேன். பதினான்கு முகங்களும் என்னையே பார்த்தன, ஒன்றும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. மறுநாள் காலை கல் கொத்துபவர் உளியை எடுத்துவிடுவார். குனிந்து இளஞ்சிவப்புப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். நிமிர்ந்தபோது பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள்; சரோஜா அக்கா காதைப் பொத்திக்கொண்டார். பிளக் பிடுங்கிய சத்தம் அங்கே இடியாக விழுந்திருக்கிறது. அப்படியானால் மைக் உயிரோடுதான் இருக்கிறது. பின் ஏன் பேசமாட்டேன் என்கிறார்கள்?

“பேரக் கூப்புடும்மா” என்றது ஒரு குரல். லூமுட் ஊரிலிருந்து மாரிமுத்து அண்ணன். தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலைக்காரர்களை நடத்தும் மேஸ்திரியாக, இருந்தவர். கூப்பிடாமலே பேசும் உரிமை பெரட்டில் அவருக்கு மட்டும் உண்டு போலிருக்கிறது. “சும்மா கேக்குதா கேக்குதான்னா யாரு பதில் சொல்லுவா? பேரக் கூப்புடு.”

“ஒண்ணாம் நம்பர், சுப்பையா வீடு” என்றேன்.

“ஒண்ணு! இருக்கேன்! இப்பத் தைப்பிங்!”

அடைப்பு உடைந்தது போல வந்தது அந்தச் சத்தம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அடுத்தடுத்து எல்லாரும் அதே முறையில் சொன்னார்கள்: முதலில் லயத்து நம்பர், அடுத்து இன்றைய ஊர். சரோஜா அக்கா மட்டும், “பதினொண்ணு! இப்ப ஈப்போ, ஒங்க வூட்டுக்கு ரெண்டு ரோடு தள்ளி, ஒரு நாளாச்சும் காப்பி குடிக்கக் கூப்புட்டியா?” என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். ஆள் வராத வீட்டுக்கு மாரிமுத்து அண்ணன் “வரல” என்றார். நான் ஒலியளவை இருபதிலிருந்து எட்டுக்குக் குறைத்துவிட்டேன். இருபத்து மூன்றைத் தாண்டி இருபத்தாறு வரை போய்ப் பட்டியலை மூடினேன். இனி வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினேன்.

“கடசிக் கேள்வி கேக்கலியேம்மா” என்றார் மாரிமுத்து அண்ணன்.

“என்ன கேள்விண்ணே?”

“பேர் விழாதவங்க யாருன்னு கேக்கணும். காண்டிராக்டுல புல்லு வெட்ட வந்தவங்க பேரு புக்குல இருக்காது. ஓரமா நிப்பாங்க. கிராணி அதக் கேட்டாத்தான் அவங்க வாயத் தொறக்கலாம். அவரு மறந்தா பெரட்டு முடியாது, நாங்களும் நவுரமாட்டோம்.”

எட்டு மாதமாக நான் புத்தகத்தில் பெயர் இருந்தவர்களிடம் மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. “பேர் விழாதவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

பூனைப் படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னியது. பேசுகிறவரின் கட்டத்தில்தான் அந்தக் கோடு வரும். சத்தம் மட்டும் வரவில்லை. எட்டை இருபதாக்கினேன். முப்பது. சேகருக்காகத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த மெல்லிய ஒலிகளை நான்தான் டிக்கோடு சேர்த்து எடுத்துவிட்டேனே என்று நாற்பதாக்கினேன். ஐம்பதில் கேட்டது.

“…மூணாம் நம்பரு. இருபத்தி மூணு. எங்கம்மா பேரு குப்பாயி. நாலு வருசம் இருந்தோம். எம் பேரு பச்சையம்மா. இப்ப பாகான் செராய்.”

“போன வாரம் வரலியாம்மா?”

“இந்த வாரந்தான் மவ போன்ல லிங்க் கெடச்சுது. ஆனா எம் பேரு ஒங்க புக்குல இல்லியே. இல்லாத பேர எப்படிக் கூப்புடுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன். கல்லுல எங்கம்மா பேரு வருமா?”

“வரும்” என்றேன். அதே நொடியில் “அடியே, குப்பாயி மவளா நீயி!” என்று சரோஜா அக்கா ஐம்பதில் கூவியதில் ஹெட்போன் என் மடியில் விழுந்தது. சமையலறையிலிருந்து சேகர், “எனக்கே கேட்டுருச்சு!” என்றார்.

காதில் மறுபடி மாட்டி, குப்பாயி என்று எழுத்துக்கூட்டி எழுதினேன். மணி 11.05 / 8.35. நன்றி சொல்லி முடிக்கப் போனபோது மாரிமுத்து அண்ணன் கையை உயர்த்தினார்.

“ஒம் பேரு விழலியேம்மா.”

“நான் ஒம்பதாம் நம்பர்ண்ணே. சேகரு வீடு.”

“அது அவன் பேரு. அது விழுந்துருச்சு. ஒம் பேரு?”

எட்டு மாதமாக அவர்களுக்கு நான் சேகரு பொஞ்சாதி. பதில் யோசித்து வரவில்லை. அவர்கள் சொன்ன முறையிலேயே, அவர்கள் சொன்ன சத்தத்திலேயே வந்தது.

“வசந்தா! கதவு எண் பதினேழு, மேல மூணாம் வீதி, புதுக்கோட்டை! இப்ப குனோங் ராபாட்!”

யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு முகங்களும் ஒரு பூனையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்டுவிட்டது என்று தெரியும்; மைக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.