அறையின் உள்ளளவு பதினொன்று

கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் போடக் கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் வந்து நாலு யோசனை சொல்லுங்கள் என்று கேட்டால், நானும் நல்லவள் மாதிரி சொல்வேன். அடி அங்குலத்தில் வரைகிறாயா, தசமத்தில் வரைகிறாயா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள். பதினொன்று புள்ளி ஆறு என்று அடித்துவிட்டுப் பதினோரு அடி ஆறு அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருக்காதே, அது ஏழு அங்குலத்தைத் தாண்டிவிடும். சுவருக்கு ஒரு லேயர், கதவு ஜன்னலுக்கு ஒன்று, மேசை கட்டிலுக்கு ஒன்று என்று பிரித்து வை. கோட்டின் முனையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்காதே, முனையில் தானாக ஒட்டிக்கொள்ளும் ஸ்நாப்பைப் போட்டுப் பிடி. கரண்டை நம்பாதே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணு. கடைசியாக ஒன்று: அளவு எண்ணை ஒருநாளும் கையால் மாற்றாதே. கோட்டை மாற்று, எண் தானாக மாறும்.

ஏன் என்று கேட்டால், கொத்தனார் குழம்பிப்போவார் என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையான காரணம் அதைவிட அசிங்கமானது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் பிளான் போடும் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ். ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது இருந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைப்போம். இன்ஜினியர் நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அந்த அறைக்குள் என்னை யாரும் அதட்டியதில்லை. வீட்டில் அந்த மரியாதைக்கு வழியில்லை.

வீட்டில் என் மாமியார் ராஜ்ஜியம். மாமனார் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் என் கணவர், அம்மா எதிரில் நின்றால் தலையாட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இளையவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. அந்தப் பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிய விஷயம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மாமியார் அதைத் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்.

பழைய வீட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவானபோது பிளான் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆபீஸ் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் இருந்து வரைந்தேன். எங்கள் பக்கத்தில் தென்மேற்கு மூலை அறை மூத்த மகனுக்கு. அது கேட்டு வாங்கவேண்டிய விஷயமே இல்லை, முறை அப்படி. அந்த அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டேன். என்றைக்காவது ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வரைய வேண்டும் என்று ஆசை. அந்த மேசையை நகர்த்தி நகர்த்தியே ஒரு சாயங்காலம் போனது. வேறு எதற்காகவும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மாமியாருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். தாளை விரித்ததும் ஒவ்வொரு அறையிலும் விரலை வைத்து எண்ணைத் தேடினார். மனையடிக் கணக்கு அவருக்கு மனப்பாடம். பத்து ஆகும், பதினொன்று ரொம்ப நல்லது, பதினாறு அமோகம். பன்னிரண்டு மட்டும் கூடவே கூடாது. அந்த அறையில் படுத்தால் வம்சம் தழைக்காது என்பது அவர் நம்பிக்கை. உள்ளளவைத்தான் பார்க்கவேண்டும், பூச்சுக்கும் பிறகு சுவருக்குச் சுவர்.

விரல் என் மேசைக்கு வந்து நின்றது.

"இது என்ன பொட்டி?"

"மேசை, அத்தை."

"யாருக்கு?"

"எனக்கு. வரையதுக்கு."

"மேசைய எடுத்துட்டுக் கட்டிலப் போடு. இந்த ரூம்பு சின்னவனுக்கு. பேசி முடிச்சுருக்க பொண்ணு வீட்டுல கதவு, நெல, ஜன்னல், மரம் அம்புட்டும் அவியளே தாராக."

"மூத்தவங்களுக்குத்தானே அத்தை இந்த மூலை?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏட்டி, ஒன் கத ஒரு பொட்டப்புள்ளயோட முடிஞ்சு போச்சு. இனி வம்சம் அவன் வழியாத்தான் வரணும். ஒனக்கு மூல என்னத்துக்கு, முடுக்கு என்னத்துக்கு?"

என் கணவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். இரண்டுக்கும் உள்ளளவு பதினொன்று.

மறுநாள் ஏசி அறையில் உட்கார்ந்து மேசையை அழித்தேன். அழிப்பதற்கு ஈ என்ற இங்கிலீஷ் எழுத்தை அடித்து, மேசையைத் தொட்டு, என்டரைத் தட்டினால் போதும். அழுகை வரவில்லை. வம்சம் வேண்டுமா உனக்கு, வாங்கிக்கொள் என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளையேதான் நினைத்தேன்.

பிறகு இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரை ஒரு அடி கிழக்கே நகர்த்தினேன். தென்மேற்கு அறை பன்னிரண்டு ஆனது, என் அறை பத்து. பத்து நல்ல எண்தான், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. என் அறையிலிருந்து ஒரு அடியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன், இன்னும் முகம்கூடப் பார்க்காத பெண்ணுக்கு.

மாமியாருக்குப் போகும் தாளில் பன்னிரண்டின் மேல் பதினொன்று என்று கையால் அடித்தேன். பத்தின் மேலும் பதினொன்று. மென்பொருள் கோபிக்காது; நீ என்ன எண் கொடுக்கிறாயோ அதை வாங்கி வைத்துக்கொள்ளும். கொத்தனாருக்குப் போவது வேறு தாள். அதில் உள்ளளவு இருக்காது, சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவரைக்கும் கணக்கு. அதில் உண்மையை எழுதினேன்: பன்னிரண்டு அடி பத்து அங்குலம். சுவர்க் கனத்தையும் பூச்சையும் கழித்துப் பார்க்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மாமியார் தாளில் விரலை வைத்துப் பதினொன்று, பதினொன்று என்று தடவிப் பார்த்துவிட்டு, "மிஷினு போட்ட கணக்கு தப்பாது" என்று மடித்துப் பெட்டியில் வைத்தார்.

எனக்கு மனையடியில் நம்பிக்கை உண்டா என்றால், அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாமியாருக்கு இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீடு எழும்பியது. பெண்ணின் அப்பா வத்திராயிருப்புப் பக்கம் மரக்கடை வைத்திருந்தார். லாரியில் மரம் வரும்போதெல்லாம் அவரும் கூடவே வருவார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ, வடை வாங்கிக் கொடுப்பார். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லாத மனிதர். வீடு முடிந்து இரண்டாம் மாதம் கல்யாணம்.

வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "எக்கா, ரூம்பு எம்புட்டுப் பெருசுக்கா!" என்றாள். எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். மேசை விஷயம் யார் சொன்னார்களோ, என்னைத் தேடி அடுப்படிக்கு வந்தாள்.

"எக்கா, அந்த ஜன்னலுக்குக் கீழ நீங்க மேசை போட்டுக்கோங்க. பகல்ல நான் அங்க இருக்கதே இல்ல. மலைய வச்சு நான் என்னக்கா செய்யப்போறேன்?"

நான் ஆசைப்பட்ட இடத்தை, நான் கேட்காமலே அவள் கொடுத்தாள். எனக்கு வந்ததோ வீம்பு. "ஒன் பிச்சை எனக்கு வேண்டாம்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகும் என் குழந்தைக்குத் தலை பின்னிவிடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

இரண்டு வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற பெயரில் இருக்கும் குன்றின் பெருமாளுக்குப் படியேறினாள். மருந்து, விரதம் எதற்கும் குறைவில்லை. கொழுந்தனை ஒரு டாக்டரிடமும் யாரும் கூட்டிப் போகவில்லை. கடைசியில் மாமியார் மனை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் தென்மேற்கு அறைக்குள் போய் டேப்பை நீட்டினார். இன்னொரு தடவை நீட்டினார்.

"பன்னெண்டுல்லா இருக்கு" என்றார்.

பெட்டியிலிருந்து தாள் வெளியே வந்தது. தாளில் பதினொன்று. பக்கத்து அறையை அளந்தார்கள், பத்து. கூமாப்பட்டியிலிருந்து கொத்தனாரை வரவழைத்தார்கள். "எங்கிட்டக் குடுத்த தாளுல உள்ளபடிதான் கட்டுனேன். அது அப்பவே சிமெண்டுல ஊறிக் கிழிஞ்சு போச்சு" என்றார். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. தன் அறையிலிருந்து ஒரு அடியைத் தானே எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பவள் உலகத்தில் உண்டா? மாமியாருக்கு வேறு கணக்கு ஓடியது.

"டீயும் வடையும் சும்மாவா வாங்கிக் குடுத்தாரு ஒங்கப்பா? மகளுக்கு ஒரு அடி கூடுதலா வையின்னு கொத்தனாருக்குச் சொல்லியிருக்காரு. மூத்தவ ரூம்பத் திருடப் போயி எம்புள்ள வம்சத்த அழிச்சுட்டாரு!"

அந்தப் பெண் அழவில்லை. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, எங்கப்பா அப்படிச் செய்யமாட்டாரு. ஒங்களுக்குத்தான் பிளானு தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாமியாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். என் கையை உருவிக்கொண்டேன்.

"தாள்ல பதினொண்ணுதான் போட்டிருக்கேன்" என்றேன்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். அதே மனிதர்தான், இந்த முறை தலை குனிந்திருந்தது. மாமியார் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரே செய்து கொடுத்த வாசற்கதவைத் தாண்டி, ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளைக் கூட்டிப் போனார். அவள் போகும்போது என் குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பையன்கள் என்று கேள்விப்பட்டேன். கொழுந்தனுக்கும் மறு கல்யாணம் நடந்தது, பதினோரு அடி உள்ள வேறு அறையில் படுத்தார்கள், இன்றுவரை பிள்ளை இல்லை.

அவள் வீட்டைவிட்டுப் போன அந்த மாதமே மாமியார் என்னைக் கூப்பிட்டார். சுவரை இடித்துக் கட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒன் சாமானத் தூக்கிட்டு அந்த மூல ரூம்புக்குப் போ" என்றார். "நீதான ஆசப்பட்ட?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "பொறவு என்ன? ஒனக்குத்தான் வயித்துல ஒண்ணுமே இல்லயே. பன்னெண்டு ஒன்ன என்ன செஞ்சுரும்?"

போனேன். ஜன்னலுக்குக் கீழே மேசை போட்டேன். ஆபீசில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரை இன்ஜினியர் எனக்கே கொடுத்தார். முதலில் எங்கள் வீட்டுப் பிளான் இருந்த பிளாப்பியைப் போட்டு, பதினொன்று என்று நான் அடித்திருந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒன்றும் எழுதாமல் என்டரைத் தட்டினேன். அப்படிச் செய்தால் மென்பொருள் கோட்டைத் தானே அளந்து உண்மையான எண்ணைப் போட்டுவிடும். பன்னிரண்டு வந்து நின்றது. வெளியே மலை தெரிந்தது. அந்த ஜன்னலில் துணி காயப்போட அவள் கட்டிவைத்திருந்த கொடிக்கயிறு அப்படியே இருந்தது, அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.