அடிக்காத அலாரம்

அந்த லிஃப்ட் மெக்கானிக் பன்னிரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுவார். படிகளே ஒதுங்கி வழிவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்: எட்டாவது மாடியில் ஒருமுறை நிற்பார்.

இந்த ஒரு வாரமாக மூன்றாவது மாடியிலேயே மூச்சு முட்டியது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. கையில் இருந்த ஸ்பானரையே தேடிக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடச் சர்க்கரை வியாதி. மருந்தும் பத்தியமுமாக அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பெருமையில், கொழுப்புக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருந்தார்.

"சர்க்கரை இறங்கிடுச்சு. கொழுப்பும் கூடவே இறங்கிடும்" என்றார் மனைவியிடம்.

"ரெண்டும் ஒரே லிஃப்ட்லயா வருது?" என்றாள் அவள். அதே கட்டிடத்தின் வரவேற்பில்தான் அவளுக்கு வேலை.

அன்று காலை, வியர்த்துக் கொட்ட மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தவரை அவள்தான் கண்டாள்.

"நெஞ்சு வலிக்குதாங்க?"

"துளிகூட இல்லை. வெறும் வாயு. ஏதாவதுன்னா உடம்பு அலாரம் அடிக்காதா?"

அவள் இடுப்பில் கைவைத்தாள். "போன மாசம் பாரம் கூடினா அடிக்கிற மணி தொல்லையா இருக்குன்னு ஒயரைக் கழட்டினது யாரு? பதினாலு பேர் ஏறி, லிஃப்ட் நடுவழியில நின்னுச்சே. மணி அடிச்சுச்சா?"

அந்த மாத்திரையைக் கொடுத்தபோது டாக்டரம்மா சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது: நாள்பட்ட சர்க்கரை நரம்பை மழுங்கடித்துவிடும்; மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு வலியே தெரியாது. காதில் வாங்காமல் சிரித்துவைத்தவர் அவர்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுடி" என்றார், மெதுவாக.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்துத் திறந்துவிட்டார்கள். "சர்க்கரை இருந்தா கெட்ட கொழுப்பு சீக்கிரம் குழாயில படியும், நல்ல கொழுப்பும் குறையும். சர்க்கரை கட்டுக்குள்ள இருந்தாலும் இந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்றார், பார்க்க வந்த அதே டாக்டரம்மா. மெக்கானிக் முதல்முறையாக மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

நான்காம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மட்டும் வாய் நிற்கவில்லை. "அந்த நிலைமையிலும் நானே படியில இறங்கி வந்தேன் சார். பன்னிரண்டு மாடியை ஒரே மூச்சில ஏறுற கால் இது. எட்டுல மட்டும் ஒரு நிமிஷம் நிப்பேன்."

மாத்திரையை உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

"ஸ்ட்ரெச்சர்ல, லிஃப்ட்ல வந்தாரு. அப்புறம், எட்டு இல்லைங்க. நாலுலயே தண்ணி கேப்பாரு."