தையல்நாயகி அத்தை எடுத்த சீட்டு

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் போக மெட்ரோவில் ஏறிய கையோடு ஸ்டெல்லாவின் போன் வந்தது. அத்தையைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் அவள், நாகர்கோவில்காரி. "அக்கா, அத்தைம்மா போயிட்டாங்க" என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அப்படியே நின்றேன். அழுகை வரவில்லை. 'இன்னும் சொல்லவில்லையே, பாவி' என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை விழுங்கி வைத்திருந்தேன். இங்கேதான் சொல்லப்போகிறேன்.

தையல்நாயகி அத்தை என் தாத்தாவுடைய அண்ணன் மகள். டெல்லியில் மத்திய அரசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் தாயாரோடு வாழ்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு பாத்திரங்களில் பேர் வெட்டும் அவருடைய கிறுக்கு தெரியாமலிருக்காது. கரண்டி, தட்டு, டிபன் கேரியர் மூடி, எதையும் விடமாட்டார். பிளாஸ்டிக் வாளியில்கூடக் கம்பியைச் சுட்டு எழுதுவார். "என் நெத்தியிலயும் வெட்டிடுங்க அத்தை" என்று கேலி செய்வேன். சிரிக்கமாட்டார். "பேர் இல்லாட்டா பொதுவுல போயிடும் வசந்தா" என்பார். அது என்ன பேச்சு என்று நான் கேட்டதே இல்லை.

மயூர் விஹாரில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் படுத்த படுக்கையான பிறகு, போன மாதம்தான், அவராகவே சொன்னார்.

வெள்ளைக்காரன் போக இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்த காலம். அத்தையின் அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கும்பகோணத்து வீட்டில் பாகம் பிரித்தார்கள். கூடத்தில் பாத்திரங்களை மூன்று குவியலாக வைத்தார்கள். தம்பிமார் இரண்டு பேருக்கு இரண்டு, இறந்தவர் குடும்பத்துக்கு ஒன்று. சண்டை வராமலிருக்கப் பேரெழுதிக் குலுக்கிப் போட்டு, குழந்தை கையால் சீட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். வீட்டிலேயே சின்னவர் ஆறு வயது அத்தைதான். அவருடைய தாயார் அலமேலு பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செப்புக் குடம், கழுத்துக்குக் கீழே ஒடுக்கு விழுந்தது, ஒரு குவியலில் கிடந்தது.

"அந்தக் குவியலுக்குச் சீட்டு எடுத்தேன். உங்க தாத்தா பேர் வந்துச்சு. விளையாட்டுன்னு நெனைச்சுக் கை தட்டினேன்டி! அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நின்னாங்க. சாகறவரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசலை. என் கைதானே எடுத்துக் கொடுத்துச்சு?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுலதானே இருக்கும்? அதுல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

எங்கே இருக்கிறது! அப்பா ரிட்டையர் ஆகி, கிட்வாய் நகரிலேயே இருந்த எங்கள் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தபோது, ஒடுக்கு விழுந்த குடம் எதற்கு என்று பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கியவள் நான். "பையா, ஜல்தி" என்று அவரை அவசரப்படுத்தியதுகூட நினைவிருக்கிறது. எந்த வாயால் சொல்வேன்? "பரண்ல இருக்கு அத்தை, எடுத்துட்டு வரேன்" என்று புளுகினேன்.

டாக்டர் கைவிரித்துவிட்டிருந்தார். பழைய பாத்திரக் கடைகளாக அலையோ அலை என்று அலைந்தேன். கடைசியில் அதே அளவில் ஒரு செப்புக் குடம் கிடைத்தது. சுத்தியலால் நானே ஒடுக்கு விழவைத்தேன். எங்கள் வீட்டில் கிடந்த குடத்தை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை; இவ்வளவு பேர் வெட்டுகிறவரின் தாயார் குடத்தில் பேர் இல்லாமலா இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பேர் வெட்டும் கிழவருக்குத் தமிழ் தெரியாது. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்த 'அலமேலு'வைப் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. குடத்தை மடியில் வைத்தேன். விரலால் ஒடுக்கைத் தடவினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. விரல் மேலே போய் எழுத்தில் நின்றது.

"அம்மா குடத்துல பேர் இல்லையேடி" என்றார் மெதுவாக. "வெட்டறேன் வெட்டறேன்னு சொல்லிக்கிட்டே இருந்து அப்பா படுத்துட்டாரு. பேர் இருந்திருந்தா அம்மா கொண்டுவந்த சீருன்னு ஒதுக்கி வெச்சிருப்பாங்களே. குவியலுக்கே வந்திருக்காதே."

அத்தை என் கையைத் தேடிப் பிடித்து, "ரொம்ப அலைஞ்சியா?" என்று கேட்டார். பிறகு அதிலிருந்தே தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு மடக்குக் குடித்தார், எனக்காக. அசல் குடம் எங்கே என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருந்த ஒன்பது நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

யமுனைக்கரையில் எல்லாம் முடிந்து வந்தாயிற்று. சாமான்களை யார் யார் எடுத்துக்கொள்வது என்று சொந்தக்காரர்கள் போன் மேல் போன் செய்கிறார்கள். அந்தப் பொய்க் குடத்தை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அன்று நீங்கள் ஆறு வயதுக் குழந்தை அத்தை, உங்கள் கையில் தப்பே இல்லை. நான் கழுதை வயதில் அந்தக் குடத்தைப் பாத்திரக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். அதைச் சொல்லியிருந்தால், எண்பது வருஷமாகச் சுமந்ததைக் கொஞ்சமாவது இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பீர்களே.

போய் வாருங்கள். அங்கே உங்கள் அம்மா குடத்தைக் கேட்டால், தயவுசெய்து, என் பேரைச் சொல்லுங்கள்.