ஸ்டெப்னியில் கிடந்த சக்கரம்

குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் இசக்கியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் மலையேறி வந்திருக்க வேண்டும். இசக்கி வருவதற்கு முன்னால் அவர் பேச்சு வந்துவிடும். பேர் திருநெல்வேலிப் பேர். தாத்தா காலத்திலேயே குடும்பம் மலைக்கு வந்துவிட்டதால் பேச்செல்லாம் கோயம்புத்தூர். இருபத்திரண்டு வருஷமாக மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார். அந்த வண்டியில் அவர் உயிர் இருப்பது இன்ஜினில் அல்ல, நாலு அலாய் சக்கரத்தில். "டாக்ஸிக்கு எதுக்குடா இந்தச் சோக்கு?" என்று ஸ்டாண்டே கேலி செய்தது. இசக்கியா காதில் வாங்குவார்? பழைய பனியனை நனைத்துத் தினமும் காலையில் நாலையும் துடைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

போன ஆடி மழையில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு பள்ளம். தண்ணீர் நிரம்பிக் கிடந்ததால் பள்ளம் என்றே தெரியவில்லை. இடது முன்சக்கரம் டங்கென்று விழுந்தது. இறங்கிப் பார்த்தால் விளிம்பு நெளிந்து, உள்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல். அதே டிசைனில் ஒற்றைச் சக்கரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் நெளிசலை எடுத்து, விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். எது அடிபட்ட சக்கரம் என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இசக்கி சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. காரமடை ரோட்டில் எண்பதில் விட்டுப் பார்த்தார். ஸ்டீயரிங் ஆடவில்லை. அப்புறமென்ன, பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறிவிட்டார்.

வீட்டில் ராஜகுமாரி இருக்கிறாரே! இசக்கியின் மனைவி. அருவங்காடு ஃபாக்டரியில், உதிரிபாகங்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்‌ஷனில் வேலை. இருபது வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, எதையும் சட்டென்று நம்புகிற பழக்கமே அந்த அம்மாவுக்கு விட்டுப்போய்விட்டது. கத்தரிக்காயைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவார்.

"காத்து நிக்குதான்னு பாத்தீங்க, சரி. பதினாலு வளைவுல ஆளுங்கள ஏத்திட்டு இறங்கறப்ப அந்த ஒட்டு நிக்குமான்னு எங்கீங்க பாத்தீங்க?"

கேட்டதோடு விடவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் பெயின்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசி வைத்தார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து பொடியை நனைக்கும். அரைமணி கழித்துப் பார்த்தால், வெல்டிங்கின் ஓரத்தில் எறும்பளவு ஈரம்.

"அது நீ சுரண்டின கீறலு!" என்று குதித்தார் இசக்கி.

"இருக்கலாமுங்க. இல்லாமயும் இருக்கலாம். சந்தேகம்னா நாங்க தள்ளி வெச்சுருவோம்."

"தள்ளி வெக்கறதுக்கு இது உங்க ஃபாக்டரிச் சாமானா? என் சக்கரம்!"

மூன்று நாள் இதே சண்டை. கடைசியில் இசக்கி டிரைவர் மூளையைக் காட்டினார். ஸ்டெப்னியாகக் கிடந்த இரும்புச் சக்கரத்தை முன்னால் மாட்டிவிட்டு, ஒட்டுப் போட்டதை டிக்கியில் ஸ்டெப்னியாகப் போட்டார். "கழட்டிட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். பொய்யில்லையே! சந்தேகப்பட்ட சக்கரத்தை ஸ்டெப்னியில் போட்டுவிட்டால் சந்தேகமும் டிக்கிக்குள் போய்விடும் என்று நம்புகிற ஜாதி இந்த டிரைவர் ஜாதி.

ஆனால் அந்த ஸ்டாண்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதிரி வண்டி அங்கே ஐந்து. எல்லாச் சாவியும் பலகை ஆணியில் தொங்கும். ஒருத்தருக்கு அவசரம் என்றால் பக்கத்து வண்டியின் ஸ்டெப்னியைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததற்கு அடையாளமாக வைப்பரில் ஒரு சைப்ரஸ் மரத் தழையைச் செருகிவிட்டுப் போனால் போதும். மழையில் மலை இறங்குகிறவன் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? இசக்கியே பத்துத் தடவை எடுத்திருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலை, எதிர்க் கடையில் முகமெல்லாம் நுரையோடு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார் இசக்கி. பாதி வழித்தாகிவிட்டது. கண்ணாடியில் தற்செயலாகத் தன் வண்டியைப் பார்த்தார். வைப்பரில் தழை.

பக்கத்து வண்டி டிரைவர் சில்வஸ்டர் நின்ற இடம் காலி. அவருடைய ஸ்டெப்னி நேற்றிலிருந்து பஞ்சர் கடையில் கிடக்கிறது. மருதாம்பாள் என்கிற அம்மாவையும் அவர் மகள், பேத்தியையும் கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் கூட்டிப் போகப்போவதாக நேற்றே சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால் டயர் இறங்கிக் கிடந்திருக்கிறது. மனுஷன் வழக்கப்படி எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். போய் இருபது நிமிஷம்.

"ஐயோ, கெட்டேன்!" என்று கழுத்துத் துண்டோடு ஓடினார் இசக்கி.

போன் அடித்தார். மலையில் ஓட்டும்போது சில்வஸ்டர் போனைத் தொடமாட்டார். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு இசக்கி அதற்காக அவரை வாய் வலிக்கத் திட்டினார். தன் வண்டியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அந்த எறும்பளவு ஈரம் இப்போது அவர் கண்ணுக்குள் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. கீறல்தான், கீறல்தான் என்று வாய் முணுமுணுத்தது. கால் மட்டும் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை.

பர்லியாரில் பழக்கடை முன்னால் சில்வஸ்டரின் வண்டி நின்றது. நாலு சக்கரமும் குத்துக்கல்லாட்டம் நின்றன. பின்சீட்டில் மருதாம்பாள் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். இசக்கிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மருதாம்பாள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பாதி மூஞ்சிய ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

"டேய் சில்வஸ்டர், அந்தச் சக்கரம் வேண்டாம்டா. ஒட்டுப் போட்டது. எனக்கே நம்பிக்கை இல்ல. அம்மாவுக்கு நேரமாச்சு, என் வண்டிய எடுத்துட்டுப் போ."

சில்வஸ்டர் குனிந்து பார்த்தார், கையால் தட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியலயேடா?"

"தெரியாதுடா. அதனாலதான் ஓடியாந்தேன்."

சில்வஸ்டர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "நான் மாட்டினதுக்கு இப்படி ஓடி வர்றே. நாளைக்கு உனக்கே பஞ்சரானா, நீ இதத்தான மாட்டிக்கிட்டு இறங்கியிருப்பே? அப்ப உன் பின்னாடி யாருடா ஓடி வருவா?"

இசக்கி பையில் கைவிட்டார். சாவியை நீட்டினார். வண்டி வளைவில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றார் ராஜகுமாரி. "ரம்பத்த எடுத்து வைங்க."

பழைய இரும்புக்காரரிடம் முழுசாகப் போட்டால், யாராவது பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் வாசலில் வைத்து அறுத்தார்கள். ராஜகுமாரி பிடித்துக்கொள்ள இசக்கி ரம்பத்தை இழுத்தார். பாதி அறுத்ததும் மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்ல சக்கரமாவே இருந்திருக்கலாம் ராஜி."

"இருந்திருக்கலாமுங்க" என்றார் ராஜகுமாரி, சக்கரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அறுங்க."